புண் ஆறியும் வற்றாத நெறி

அந்தக் காலத்தில் காக்கையும் நரியும் மட்டுமல்ல, மனிதனின் தோலுக்கு அடியில் குடியிருப்பவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போதும் பேசுகிறார்களோ என்னவோ, நம் காதுக்குத்தான் எட்டவில்லை.

குளத்தில் மீன் பிடிக்கும் அம்பலம் என்பவனின் தொடை இடுக்கில், மொச்சைக்கொட்டை அளவில் ஒரு சத்திரம் இருந்தது. உடம்பைக் காக்கும் காவலர்கள் ஊர் சுற்றி வந்து இளைப்பாறும் இடம் அது. அதற்குச் சுவரும் கிடையாது, தூணும் கிடையாது. தாங்கி என்பவளும் அவளைப் போன்ற பெண்களும் கைகளை நீட்டி, ஒருத்தி விரலை ஒருத்தி இறுக்கிப் பிடித்து நின்றார்கள். அந்தக் கைகள்தான் சத்திரம்.

காவலர்கள் அந்தக் கைகளின் மேல்தான் நடப்பார்கள். அந்தப் பெண்களின் உடம்பில் ஊறும் சாற்றைக் குடித்துத்தான் பிழைப்பார்கள். ஒரு நாள் தங்குவார்கள், போய்விடுவார்கள். யார் கையில் நடந்தோம் என்று குனிந்து பார்த்தவன் ஒருவனும் இல்லை.

சுற்றிலும் கூட்டம் நெரிந்தாலும் தாங்கிக்குப் பேச ஆள் கிடையாது. பக்கத்துப் பெண்ணின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. கூட்டம் மறைத்துவிடும். விரல்களின் இறுக்கம் மட்டும் தெரியும். அந்த இறுக்கம்தான் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம்.

காத்தான் என்ற காவலன் மட்டும் வேறு மாதிரி. முதல் தடவை வந்தபோதே குனிந்து பார்த்தான்.

"அக்கா, கை வலிக்கலையா?"

அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. "சாப்பிட்டியா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

காவலர்களில் ஒவ்வொருவனுக்கும் ஒரே ஒரு பகைவனின் முகம்தான் தெரியும். அந்த முகம் எதிரே வரும்வரை அவன் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது வராமலே கிழடு தட்டிச் செத்தவர்களும் உண்டு. காத்தானும் தேடி வருவான், இல்லை என்று கிளம்புவான். போகும்போது "வரேன்க்கா" என்பான். சொன்னபடி வரவும் வருவான். அவன் வரும் நாளை நினைத்துத்தான் தாங்கி மற்ற நாட்களில் நின்றாள்.

ஒரு நாள் அம்பலத்தின் உள்ளங்காலில் கெளுத்தி முள் ஏறியது. முள்ளோடு கிருமிகளும் ஏறின. பாதத்தில் காவல் இருந்தவள் கிளையாள், தன் உடம்பெல்லாம் கிளை விரித்தவள். அவள் ஒரு கிருமியின் முகத்தைப் பிய்த்துத் தூக்கிக்கொண்டு சத்திரத்துக்கு ஓடி வந்தாள்.

"யாருக்கு இந்த மூஞ்சி தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றான் காத்தான்.

பகைவனை அடையாளம் கண்ட காவலன் ஒருவன் இருவராவான், இருவர் நால்வராவார்கள், பிறகு அது ஒரு படையாகும். ஆனால் படைக்கு இடம் வேண்டுமே. கைகள் இறுகிக் கிடந்த சத்திரத்தில் காத்தான் திணறினான். அதற்குள் அம்பலம் காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்துவிட்டான்.

கிளையாள் தாங்கியின் தோளைத் தொட்டாள். "கையத் தளத்து தாயீ. இடம் பத்தலை."

"விட்டா சத்திரம் இடிஞ்சிரும். பிடிக்கிறதுதான் எங்க வேலை."

"விடச் சொல்லலையே, தளத்தத்தான் சொன்னேன். இல்லேன்னா மனுசன் போயிருவான். அப்புறம் சத்திரம் ஏது?"

தாங்கியின் பயம் அது மட்டும் இல்லை. தளர்த்தினால் அந்த விரல்களின் இறுக்கம் போய்விடும். இடம் கிடைத்தால் காத்தானும் போய்விடுவான். சண்டைக்குப் போனவர்கள் அநேகமாகத் திரும்புவதில்லை. இறுக்கியே பிடித்திருந்தால் அவன் இங்கேயே இருப்பான் என்று ஒரு கணம் நினைத்தாள். பாவம், அவள் இடத்தில் யார்தான் நினைக்க மாட்டார்கள்.

"அக்கா," என்றான் காத்தான். "மூச்சு முட்டுதுக்கா."

தாங்கி கையைத் தளர்த்தினாள்.

அவள் விரல் நெகிழ்ந்ததை உணர்ந்து பக்கத்துப் பெண் நெகிழ்ந்தாள், பிறகு அவளுக்கு அடுத்தவள். கைகள் நீண்டுகொண்டே போயின. பிய்ந்துவிடும் போல வலித்தது. ஆனால் ஒரு விரலும் விடுபடவில்லை. மொச்சைக்கொட்டை நெல்லிக்காயாக வீங்கியது. வெளியே அம்பலத்தின் மனைவி மங்கை தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, புண்ணு கால்ல, வீக்கம் தொடையிலயா?" என்றாள்.

படை புறப்பட்டது. எல்லா முகமும் காத்தானின் முகம். அதில் எவன் குனிந்து பார்த்தவன் என்று தாங்கிக்குத் தெரியவில்லை. அவள் கையைக் கடக்கும்போது ஒவ்வொருவனும் "வரேன்க்கா" என்றான். அத்தனை பேருக்கும் அவள் "சரிப்பா" என்றாள்.

கிருமிகள் ஒழிந்தன. புண் ஆறி, அம்பலம் மறுபடி குளத்தில் இறங்கினான். போன காவலர்களில் ஒருவனும் வரவில்லை. பக்கத்துப் பெண்கள் மெல்லக் கையை இழுத்துப் பழையபடி இறுக்கத் தொடங்கினார்கள்.

"இழு தாங்கி, அதான் வேலை முடிஞ்சுதே," என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். கூட்டம் கலைந்திருந்ததால் அன்றைக்குத்தான் அவள் குரலையே தாங்கி முதன்முதலாகக் கேட்டாள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் தாங்கி. "வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். வந்தா இடம் வேணும்ல."

அன்று முதல்தான் காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. புண் ஆறி, வலியும் மறந்துபோன பிறகும், தொட்டால் தட்டுப்படும் அளவுக்கு அந்த நெறி இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கிறது.