முள் எடுக்க வந்த தேவாங்கு

ஒரு காட்டில் ஒரு சந்தேகப் பிராணி இருந்தது. வேறு யார், யானைதான்! ஆற்றுத் தண்ணீரைக்கூட நாலு தடவை முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கும்.

அப்பேர்ப்பட்ட யானையின் உள்ளங்காலில் ஒருநாள் கருவேல முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. யானைக் கூட்டமோ அன்று சாயங்காலமே மேய்ச்சலுக்கு மலை ஏறப் போகிறது. நடக்க முடியாவிட்டால் இந்த யானை மட்டும் தனியாகக் கிடக்க வேண்டியதுதான். பாவம், அதன் கண்ணில் நீர் முட்டியது.

முள் எடுப்பதில் கெட்டிக்காரர் முள்ளம்பன்றி. ஆனால் அவருடைய வளை பெரிய பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் சுற்றிக்கொண்டு வருவதற்குள் இருட்டிவிடும். அவரிடம் படித்த கரடியும் தேவாங்கும்தான் இந்தப் பக்கம் இருந்தார்கள்.

கரடி மார்பைத் தட்டிக்கொண்டு வந்தது. "நான் மழைக்காலம் முழுவதும் குருவின் வளையிலேயே தங்கிப் படித்தவன். இந்தத் தேவாங்கு என்ன படித்தது? அவ்வளவு தூரம் நடக்கத் துப்பில்லாமல் இங்கே மரத்தில் உட்கார்ந்துகொண்டது. குரு அங்கிருந்து கத்தியதைக் காதால் கேட்டது, அவ்வளவுதான்!"

யானை தேவாங்கை ஏற இறங்கப் பார்த்தது. "குரு உன் கையைப் பிடித்துச் சொல்லித் தரவில்லையா?"

"இல்லை, யானையண்ணா."

"நீ செய்ததையாவது கிட்ட வந்து பார்த்தாரா?"

"இல்லை, யானையண்ணா."

"அடேயப்பா! கேள்விஞானத்தை நம்பி என் காலைக் கொடுப்பதா?" யானை காலை இழுத்துக்கொண்டது. பிறகு கரடியின் நகங்களைப் பார்த்தது. அதன்மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

"இரண்டு பேரையும் நான் நம்பவில்லை!" என்று சொல்லி, கனிந்த அத்திப்பழங்கள் இரண்டை எடுத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு முள்ளைக் குத்தி ஒடித்தது. "பழம் நசுங்காமல் எடுங்கள், பார்ப்போம்."

கரடி கபக்கென்று பிடித்தது. பழம் கூழாகிவிட்டது. "நல்ல இனிப்பு!" என்று விரலை நக்கிக்கொண்டது.

தேவாங்கு அவசரப்படவில்லை. முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தது. இரண்டு விரலால் மெல்ல அமுக்கியது. முனை எட்டிப் பார்த்ததும் உருவி எடுத்தது. பழம் முழுசாக இருந்தது.

யானைக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. "காதால் கேட்டதற்குக் கை எப்படி இப்படிப் பழகும்?"

"குரு சொல்லச் சொல்ல நான் செய்வேன், அண்ணா. 'நசுங்கிவிட்டதா?' என்று அங்கிருந்து கேட்பார். 'ஆமாம்' என்பேன். 'இன்னொரு பழத்தை எடு' என்பார். பழமெல்லாம் தீர்ந்துபோன பிறகு என் காலிலேயே குத்திக்கொண்டு எடுத்துப் பழகினேன்."

தேவாங்கு காலைத் தூக்கிக் காட்டியது. உள்ளங்கால் முழுவதும் வடுக்கள்.

யானை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. காலை நீட்டியது. "மெதுவாக! வலித்தால் உதைத்துவிடுவேன்" என்று மட்டும் சொன்னது.

முள் முழுசாக வெளியே வந்தது. யானை காலை ஊன்றிப் பார்த்தது. பிறகு நாலடி நடந்து பார்த்தது. அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துதிக்கையைத் தூக்கிப் பிளிறிக்கொண்டு கூட்டத்தோடு சேரக் கிளம்பியது.

கரடி விடுமா? வழியை மறித்தது. "இதென்ன அநியாயம்! குருவின் பக்கத்திலேயே இருந்தவன் நான்தானே?"

"பக்கத்தில்தான் இருந்தாய், தம்பி. அப்போது உன் கை எங்கே இருந்தது?"

கரடி தலையைச் சொறிந்தது.

"தேன்கூட்டில்" என்றது.

நீதி: பாடம் எங்கிருந்தும் வரலாம், பழகாத கைக்குத் தொழில் வராது.