நான்காம் மாடியில் முழு சிக்னல்

"ஆஸ்பத்திரியில ஒரு மூலை விடாம சிக்னல் இருக்கு, மேடம். அவர் செத்ததுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார் மாசிலாமணி.

அந்த ஆஸ்பத்திரிக்கு வைஃபை போட்டவர் அவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்த ஹாஜிராவுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. குரு என்றால் தாடி வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

நடந்தது இது. இதய நோயாளி ஒருவரை ஸ்கேன் எடுக்கக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்ப நான்காம் மாடிக்குக் கொண்டுவந்து, கடைசி அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். அவருடைய இதயம் தடுமாறியபோது, நெஞ்சில் மாட்டியிருந்த கருவி கத்தியது. அந்தச் செய்தி வைஃபை வழியாக நர்ஸின் திரைக்குப் போயிருக்க வேண்டும்.

போகவில்லை.

நர்ஸ் எப்சிபா தூங்கிவிட்டாள் என்றது நிர்வாகம். இன்று சாயங்காலம் வேலை போகும். அப்புறம் போலீஸ். வைஃபை சரியாக இருந்தது என்று மாசிலாமணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குத்தான் காத்திருந்தார்கள், பாவிகள்.

"எப்படிச் சோதிச்சீங்க, சார்?" என்று கேட்டார் ஹாஜிரா.

"ஒவ்வொரு மாடியிலயும் லேப்டாப்பை மேஜையில வச்சு, உட்கார்ந்து பார்த்தேன். அமோகமா இருந்துச்சு."

"ஒரு மாடியில இருந்து இன்னொரு மாடிக்குக் கையில எடுத்துட்டுப் போய்ப் பார்த்தீங்களா?"

"எதுக்கு மேடம்? மாடிக்கு ஒரு வரிசையா நெட்வொர்க் முகவரி பிரிச்சு வச்சிருக்கேன். கருவி எந்த மாடிக்குப் போகுதோ, அந்த மாடி முகவரியைக் கேட்டு வாங்கிக்கும். அது இருந்தாத்தான் அந்த மாடித் திரைக்குச் செய்தி போகும்."

"கேட்குமா?"

"கேட்கணும். அதான் முறை."

ஹாஜிரா எழுந்தார்.

"சட்டையைக் கழற்றுங்க, சார்."

வெளியே பெஞ்சில் அழுது முடித்து உட்கார்ந்திருந்த எப்சிபாவைக் கூப்பிட்டு, நான்காம் மாடித் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார் ஹாஜிரா. "கீழே இருந்து ஒரு பேஷன்ட் வர்றார். திரையில வந்ததும் எங்கிட்ட சொல்லும்மா."

பிறகு கீழே போய், மாசிலாமணியை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார். அதே கருவியை அவர் நெஞ்சில் மாட்டி அங்கேயே ஆன் செய்தார். லிஃப்டில் ஏற்றி, அதே கடைசி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"சிக்னல் எப்படி இருக்கு, சார்?"

மாசிலாமணி தலையைத் தூக்கி நெஞ்சிலிருந்த கருவியைப் பார்த்தார். "முழுசா இருக்கு."

ஹாஜிரா அவர் நெஞ்சிலிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கினார். கருவி கத்த ஆரம்பித்தது.

"யாராவது வர்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மாசிலாமணி படுத்திருந்தார். கருவி கத்திக்கொண்டே இருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு காது வலித்தது. செத்தவரும் இந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பார் என்று தோன்றியது.

யாரும் வரவில்லை.

கருவியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு முகவரி தெரிந்தது. அவரே உட்கார்ந்து பிரித்துக் கொடுத்த முகவரி. கீழ்த்தளத்து வரிசை. அது மேலே வந்து எதையும் கேட்டு வாங்கவில்லை. கீழே வாங்கியதையே பிடித்துக்கொண்டு, இந்த மாடியில் யாருக்கும் போய்ச் சேராமல் கத்திக்கொண்டிருந்தது. சிக்னல் மட்டும் முழுசாக இருந்தது.

மாசிலாமணி எழுந்தார். கருவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, வெறும் உடம்போடு, ஒயர்கள் தொங்க, கதவைத் திறந்துகொண்டு வராந்தாவில் நடந்தார்.

எப்சிபா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் பக்கத்தில் வந்தும் திரும்பவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை.

"பேஷன்ட் இன்னும் மேல வரலை, மேடம்" என்றார். "நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். தூங்கலை."