ஊதிப் பார்த்த நீதி

அரசன் வாயிலிருந்து வந்ததெல்லாம் சட்டமாக இருந்த காலம் அது. அந்த நாட்டு அரசனுக்கு, விசாரணையே இல்லாமல் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. அமைச்சர் பெருநம்பி ஒரு கிண்ணம் தெளிந்த நீரைக் கொண்டுவந்தார். நாணல் குழலால் அதில் ஊத வேண்டும், நீர் வெளுத்தால் ஊதியவன் திருடன் என்றார்.

முதலில் அகப்பட்டவன் அரண்மனைச் சமையற்காரன் சாத்தன். வெள்ளிக் கரண்டி ஒன்று காணாமல் போயிருந்தது. அவன் ஊதினான். நீர் பாலாய் வெளுத்தது. அவனுடைய வலது கையை வெட்டிவிட்டார்கள்.

விகடகவி வாகீசனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து ஊதிப் பார்த்தான். வெளுத்தது. அவன் மனைவி ஊதியபோதும் வெளுத்தது. விடாமல் ஊத ஊத, மறுபடி தெளிந்துவிட்டது.

சில நாளில் அரசனின் முத்திரை மோதிரத்தைக் காணவில்லை. பெருநம்பி வாகீசனைக் கைகாட்டினார். வாகீசன் ஊத மறுக்கவில்லை.

"அரசே, இச்சபையில் குற்றமே அறியாதவர் தாங்கள் ஒருவரே. தாங்கள் முதலில் ஊதிக் காட்டுங்கள். நீர் தெளிவாகவே இருப்பதைக் கண்டபின் நான் ஊதுகிறேன்" என்றான்.

அரசன் ஊதினான். நீர் வெளுத்தது. வாளைப் பிடித்திருந்த காவலன் தரையைப் பார்த்தான்.

"நிறுத்த வேண்டாம் அரசே, ஊதிக்கொண்டே இருங்கள்."

முகம் சிவக்க ஊதினான் அரசன். நீர் தெளிந்தது.

"இது சுண்ணாம்பு நீர். யார் மூச்சு பட்டாலும் வெளுக்கும், ஊதிக்கொண்டே இருந்தால் தெளியும். தங்களைத் தடுக்க ஆளில்லை. சாத்தனை ஒரு மூச்சோடு நிறுத்திவிட்டார்கள்" என்றான் வாகீசன்.

அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். பெருநம்பியும் கூடவே சிரித்தார். மோதிரம் அரசனின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வாகீசனுக்குப் பொற்கிழி கிடைத்தது. சாத்தனைப் பற்றி யாரும் பேசவில்லை.

வாகீசன் கிழியோடு சாத்தன் வீட்டுக்குப் போனான். சாத்தனுக்கு அவன் மனைவி நங்கை சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வாகீசன் நடந்ததையெல்லாம் சொல்லிக் கிழியை முன்னே வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

"ராசா என்ன சொன்னாருங்க?" என்று சாத்தன் கேட்டான்.

"சிரிச்சார்."

சாத்தன் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தான்.