சேவல் இல்லாத சத்திரம்

கோணங்கிப்பட்டிக்காரர்கள் சீட்டாட்டத்தை விட்டுவிட்டுப் பகடைக் கதை விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மேசையின் தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்கள். கத்தி வீசினால் பட்டதா, பாறையில் ஏறினால் விழுந்தார்களா என்று பகடை சொல்லும். விளையாட்டு அவ்வளவுதான்.

கதை நடத்தப் புதிதாக வந்தவர் சேவுகன். அவருடைய முதல் சாகசம் பிரமாதமாக முடிந்தது. வீரர்கள் பூதத்தைக் கொன்று, சத்திரத்தில் விருந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினார்கள். இரண்டாவது சாகசம் அதோடு ஒட்டவில்லை என்றால் தலைமாட்டு நாற்காலி தனக்கு என்று வீரர்களில் ஒருத்தியான அழகுமீனாள் சொல்லிவிட்டாள்.

"அப்புறம் என் கதையில நீங்க கழுதையா வரணும்ணே."

மதுரையில் இந்த விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்ட மச்சானுக்குச் சேவுகன் உடனே போன் போட்டார்.

"முதல் கதையில நடந்தது எதையும் மறந்துராதீங்க மாப்ள. விட்ட இடத்துலேர்ந்து பிடிச்சுக்கங்க. அம்புட்டுத்தான்."

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்ட கையோடு எல்லோரும் சேவுகன் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சேவுகன் தொண்டையைச் செருமினார்.

"பொழுது விடிகிறது. சத்திரத்து வாசலில் சேவல் கூவுகிறது."

"எந்தச் சேவல்?" என்றார் ஆண்டியப்பன். எதையும் ஆராயாமல் விடாதவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். "இருந்த ஒண்ணைத்தான் விருந்துல தின்னுட்டமே?"

எதையும் மறக்கக் கூடாதே! சேவுகன் சேவலைக் கைவிட்டார்.

"சரி, சத்திரக்காரர் வந்து எழுப்புகிறார்."

"அவரைப் பூதத்தோட ஆளுன்னு சந்தேகப்பட்டு உள்ளே வச்சுப் பூட்டியாச்சு" என்றார் வெள்ளைச்சாமி. அவர் அழகுமீனாளுக்கு அண்ணன். "சாவி என் இடுப்புல இருக்கு. நான் தூங்குறேன்."

"அப்ப நீங்களே முழிச்சுக்கங்க!"

"முழிப்பு வந்துச்சா இல்லையான்னு பகடைல்ல சொல்லணும்?"

"உருட்டுங்க!"

"தூங்குறவன் எப்படிப்பா உருட்டுவான்?"

இவ்வளவு ஆழமான கேள்வி அந்த ஊரில் அதற்கு முன் எழுந்ததில்லை.

"யோசிச்சுப் பாத்தா, நாம முழிச்சுக்கிட்டுப் பேசுறதே தப்பு" என்றாள் அழகுமீனாள். மூவரும் மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தார்கள். கறிச்சோறு வேலையைக் காட்டியது. குறட்டை கிளம்பியது.

சேவுகன் தன் காதுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்னும் நீளவில்லை. அவர்களுடைய கனவுக்குள் போய்க் கதையை நடத்துவதைத் தவிர வேறு வழி தெரியாமல் அவரும் ஓரமாகப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐஸ் வண்டி மணி கேட்டுத்தான் எழுந்தார்கள். சேவுகனுக்குக் கனவே வரவில்லை. பயந்துகொண்டே கேட்டார்.

"உங்களுக்கெல்லாம் என்ன நடந்துச்சு?"

வெள்ளைச்சாமி படுத்தபடியே சொன்னார். "பூதத்தோட தம்பி பழிவாங்க வந்தான். அவன் குத்தி நான் செத்துட்டேன்."

"நான் ஒரு எழவு வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றார் ஆண்டியப்பன். "யாரு செத்தாங்கன்னு கேக்காமலே காப்பி குடிச்சுட்டு வந்துட்டேன்."

"எனக்குச் சங்குச் சத்தம் மட்டும் கேட்டுச்சு" என்றாள் அழகுமீனாள். மூன்றையும் விரல் விட்டு அடுக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "எல்லாம் ஒட்டுதேண்ணே!"

சேவுகனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"வாண்ணே, வீட்டுக்குப் போகலாம்" என்று அழகுமீனாள் அண்ணனை உலுக்கினாள்.

"செத்தவன் எப்படிம்மா எந்திரிப்பான்?"

அதுவும் சரிதான். மற்ற மூவருமாக அவரைப் பாயோடு தூக்கிக்கொண்டு தெரு வழியே போனார்கள். வாசலில் வெள்ளைச்சாமியின் மனைவி வள்ளிமயில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன கூத்து இது?"

"அண்ணன் செத்துட்டாரு மதினி."

"ஆமா வள்ளி" என்றார் வெள்ளைச்சாமி. "கதையோட நல்லா ஒட்டிருச்சு."

"அப்படியா? செத்தவருக்கு எதுக்கு ராத்திரிச் சாப்பாடு? ஆட்டுக்கால் பாயாவை நானே குடிச்சுக்கறேன்."

வெள்ளைச்சாமி ஒரு கண்ணைத் திறந்தார். "பகடையை எடுங்கப்பா. உயிர் வந்துருச்சான்னு பாத்துரலாம்."

பகடை சேவுகன் வீட்டு மேசையிலேயே இருந்தது. பாயின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்திருந்ததால் யார் போய் எடுத்து வருவது என்று மூவருக்கும் தெரியவில்லை. பாயாவின் வாசனை தெருவுக்கு வந்துவிட்டது.

"நீங்க யாரும் கையை எடுக்காதீங்க" என்று வெள்ளைச்சாமி பாயிலிருந்து இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் ஒரே ஓட்டமா ஓடிப் போய் எடுத்துட்டு வந்து படுத்துக்கறேன்."

அவர் திரும்பி வரும்வரை மூவரும் வெறும் பாயைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆண்டியப்பனுக்கு மட்டும் பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.