புளியங்கொட்டைப் பரீட்சை

ஒருக்களிச்சுப் படு பொம்மி. அத்தை கால் மேல கால் போடாத, வீங்கிக் கெடக்கு. ரெண்டு நாளு ஓட்டுச்சாவடி டூட்டி பாத்துட்டு காலைலதான் வந்து விழுந்திருக்கேன். மத்தியானத்துல ஒரு அரை மணி கண்ண மூடலாம்னா நீ விடமாட்டேங்கற.

என்னது? அப்பா சொன்னாரா? பரீட்சைல பாஸானவங்களுக்கு மட்டுந்தான் ஓட்டு குடுக்கணும்னா? உங்கப்பன் ப்ளஸ் டூல கணக்குல எடுத்த மார்க்கை உங்க தாத்தாவுக்குத் தெரியாம மறைச்சவளே நாந்தான். ஆனா அவனைச் சொல்லி என்ன. நேத்து சாயந்திரம் நாலு மணிக்கு நானும் அதையேதான் நெனச்சேன். சரி, கதை சொல்றேன். "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நிறுத்திட்டு நான் தூங்கிருவேன்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு ஏரி இருந்துச்சாம். அந்த ஊருக்கு ராஜா கெடையாது, ஏரிதான் ராஜா. ஏரியில தண்ணி இருந்தா சோறு, இல்லைன்னா இல்ல. அந்த ஏரிக்கு ஒரு மடை. மடையத் தொறக்க, மூட, கரையில மண்ணு சரிஞ்சா அடைக்க, ஒரு ஆளு வேணும்ல? அவருக்கு மடைக்காரர்னு பேரு. வருஷா வருஷம் ஆடி மாசம் ஊரே கூடி மடைக்காரரைப் பொறுக்கும். எப்படின்னா, நிக்கிற ஆளுக்கு ஒரு பானை. ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரே ஒரு புளியங்கொட்டை. யாரு வேணுமோ அவங்க பானையில போடணும். டொக்கு. டொக்கு. டொக்கு. எந்தப் பானையில கொட்டை சாஸ்தியோ அவர்தான் மடைக்காரர்.

அந்த ஊர்ல சீராளன்னு ஒருத்தன். வாயத் தொறந்தா தேன். எல்லா வீட்டுக்கும் போவான், "அக்கா சௌக்கியமா, முட்டிவலி தேவலையா"ன்னு கேப்பான், கையில ஒரு உருண்டை வெல்லம் வெப்பான். அவன் பானையில கொட்டை கொட்டுகொட்டுன்னு கொட்டும். ஆனா வேலை? காலைல பத்து மணி வரைக்கும் கொர்ர்ர் கொர்ர்ர். ஒரு மார்கழி மாசம் மடையத் தொறந்து வெச்சான், மூட மறந்துட்டான். சலசலசலன்னு மூணு நாள்ல ஏரி மொத்தமும் வடிஞ்சு போச்சு. கதிர் பால் பிடிக்கிற நேரம். அத்தனையும் பதர்.

ம்.

அப்போ வேலப்பர்னு ஒரு பெரியவர். கெட்டிக்காரர். ஏரிய ஒரு பார்வை பாத்தார்னா இன்னும் எத்தனை நாளைக்குத் தண்ணி வரும்னு சொல்லிருவாரு. அவரு எந்திரிச்சு, "விவரம் தெரியாதவங்க கொட்டை போட்டா விவரம் தெரியாதவன்தான் வருவான். இனிமே நிக்கிறவனுக்கும் பரீட்சை, கொட்டை போடுறவங்களுக்கும் பரீட்சை. மூணு கேள்வி. சொன்னாத்தான் கொட்டை"ன்னாரு. ஊரே தலையாட்டுச்சு. வயிறு காஞ்சவங்க வேற என்ன பண்ணுவாங்க. சடைச்சியும் சரின்னுதான் சொன்னா.

சடைச்சி யாருன்னா, கடைமடைத் தெருக்காரி. கடைமடைன்னா தண்ணி கடைசியாப் போய்ச் சேர்ற எடம். அவளுக்கு அங்க ஒரு அரைக்காணி வயலு, ஒரு குடிசை, ரெண்டு ஆடு. நண்டு பிடிப்பா. வளைக்குள்ள கைய விட்டா லபக்குன்னு நண்டோடதான் வெளிய எடுப்பா.

அப்புறம் பரீட்சை வந்துச்சு. சீராளன் மொதக் கேள்வியிலயே ஃபெயிலு. ஊரே சிரிச்சுது. வேலப்பர் மடைக்காரர் ஆயிட்டாரு.

சடைச்சியும் போய் நின்னா. "ஏரி ரொம்பினா எத்தனை முழம்?" "என் கழுத்துக்கு மேல நாலு விரக்கடைங்க." "முழத்துல சொல்லும்மா." அவளுக்கு முழக்கணக்கு தெரியல. கொட்டை இல்ல, போன்னுட்டாங்க.

அடுத்த வருஷம் முழத்தைக் கத்துக்கிட்டுப் போனா. ரெண்டாவது கேள்வி. "மடைய ஒரு சாண் தூக்கினா ஒரு பொழுதுல எது வரைக்கும் பாயும்?" "எங்க தெரு வரைக்கும் வராதுங்க." கேள்வி கேட்டவரு தாளைப் பாத்தாரு. தாள்ல அந்தப் பதில் இல்ல. போன்னுட்டாங்க.

மூணாவது கேள்வி என்னன்னா, மடைக்கல்லுல வெட்டியிருக்கிற எழுத்தைப் படிக்கணும். ஆடு மேய்க்கிறப்ப மணல்ல எழுதி எழுதி, ஒரு வருஷம் பூரா பழகினா. மூணாவது வருஷம் போய் முழத்தையும் சொன்னா, பாய்ச்சலையும் சொன்னா, கல்லையும் கடகடன்னு படிச்சா. அந்த வருஷம் நாலாவதா ஒரு கேள்வி சேத்திருந்தாங்க. "இந்தக் கல்லை வெட்டினது யாரு?" சடைச்சி யோசிச்சா. "வெட்டினவன் எங்க தெருக்காரனாத்தான் இருப்பான். பேரு போடாம போயிட்டான்"னா. போன்னுட்டாங்க.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

உள்ளதைச் சொல்லணும் பொம்மி, வேலப்பர் மடைவேலைய நல்லாத்தான் பாத்தாரு. சொன்ன நேரத்துக்கு மடை தொறக்கும், சொன்ன நேரத்துக்கு மூடும். மேல்மடையில மூணு வருஷமும் நல்ல வெளைச்சல். ஆனா கடைமடைக்கு மட்டும் தண்ணி வர்ல. அவரு கெட்ட எண்ணத்துல பண்ணலம்மா. அந்தத் தெருவுல ஒருத்தர் கையிலயும் கொட்டை இல்ல, அதனால அந்தப் பக்கம் ஒருத்தரும் போகல. போகாத தெரு எப்படி ஞாபகம் வரும்? சடைச்சி வயலு வெடிச்சுக் கெடந்துச்சு.

அப்போ ஐப்பசி மழை. ஏரி ரொம்பி தளும்புது. சடைச்சி நண்டு பிடிக்கக் கரைக்குக் கீழ போனா. கரையில ஒரு எடத்துல தண்ணி கசியுது. பொளுக் பொளுக்னு. கசியறது பெருசில்ல, எல்லா ஏரியும் கசியும். தெளிஞ்ச தண்ணியா கசிஞ்சா பயமில்ல. இது செம்மண்ணா, கலங்கலா வருது. அப்படின்னா கரை உள்ளுக்குள்ளயே கரையுதுன்னு அர்த்தம். கசியற நண்டு வளைக்குள்ள கைய விட்டா, முழங்கை வரைக்கும் போச்சு. அப்புறம் தோள் வரைக்கும் போச்சு. நண்டு இல்ல.

ஓட்டமா ஓடினா. வேலப்பரும் கொட்டைக்காரங்களும் மடைமேட்டுல உக்காந்திருக்காங்க. வருஷா வருஷம் கேள்வி கூடிக் கூடி, பரீட்சைல தேறினவங்க அப்போ மொத்தமே பதினோரு பேரு. "ஐயா, கரையில நண்டு வளை ஓடுது. கலங்கித் தண்ணி வருது. வந்து பாருங்க."

"கொட்டை இருக்கா?"ன்னாங்க. கொட்டை இல்லாதவங்க ஏரியப் பத்திப் பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டிருந்தாங்க.

"இல்லைங்க. வந்து கைய விட்டுப் பாருங்க, போதும்."

வேலப்பர் கோவமெல்லாம் படல. அவருக்கும் அசதி. நாள் பூரா ஆளாளுக்கு வந்து எதையாச்சும் சொல்லிக்கிட்டு இருந்தா யாருக்குத்தான் முடியும். "இந்த மழைக்குக் கரை தாங்கும்மா. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். உனக்குத் தெரியாது, நீ வீட்டுக்குப் போ"ன்னாரு.

இரு, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

நேத்து நாலு மணிக்கு ஒரு பாட்டி வந்துச்சு பொம்மி. உள்ள போய் மிஷினையே பாத்துக்கிட்டு நிக்குது. பின்னால வரிசை வாசல் வரைக்கும். எனக்கு மத்தியானம் சோறுகூட எறங்கல. "தெரியாதவங்கல்லாம் எதுக்கு வர்றீங்க"ன்னு சத்தமாவே கேட்டுட்டேன். அது எல்லாப் படத்தையும் ஒருதரம் பொறுமையாப் பாத்துட்டு அழுத்துச்சு. பீப்புன்னு சத்தம் வந்ததும் மை வெச்ச வெரலப் பாத்துக்கிட்டே படியெறங்கிப் போயிருச்சு. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

சரி, கதை. சடைச்சி தெருவுக்கு வந்து எல்லாரையும் கூப்புட்டா. "வைக்கோலும் களிமண்ணும் கொண்டாங்க, நாமளே அடைப்போம்." ஒருத்தரும் எந்திரிக்கல. அவ புருஷனே, "நம்ம கையிலதான் கொட்டை இல்லையே, அது யாரு ஏரியோ"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டான். அவ ஒருத்தியாப் போய் அடைச்சா. ஒரு வளைய அடைச்சா பக்கத்து வளையில பொளுக். அதை அடைச்சா அடுத்ததுல பொளுக். அதையும் அடைச்சா, கை ஓஞ்சு போச்சு.

ம்...

அப்புறம் மழை. மொத நாளு சிலுசிலுன்னு. ரெண்டாம் நாளு சடசடன்னு. மூணாம் நாளு விடியறப்ப தபார்னு கரை ஒடைஞ்சுது. தண்ணி எங்க போச்சு தெரியுமா? நேரா கடைமடைக்கு. மூணு வருஷமா வராத தண்ணி, அன்னைக்கு அந்தத் தெருவுக்குத்தான் மொதல்ல வந்துச்சு. ஜனங்க புளியமரத்துல ஏறித் தப்பிச்சாங்க. சடைச்சி குடிசை போச்சு, ஆடு ரெண்டும் போச்சு, அரைக்காணியும் மண்ணுமேடாப் போச்சு.

அழாத. ஆடு... சரி, ஒரு ஆடு நீந்திக் கரையேறிருச்சுன்னு வெச்சுக்கோ.

வேலப்பர் இடுப்பளவு தண்ணியில நடந்து வந்தாரு. அந்தத் தெருவுக்கு அவரு வர்றது அதுதான் மொதத் தடவை. மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்து, "என் கணக்குல நண்டு இல்லம்மா"ன்னாரு.  

அப்புறம் அடுத்த ஆடி வந்துச்சு. பரீட்சையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு, மறுபடி ஊர்ல எல்லாருக்கும் ஆளுக்கொரு கொட்டை. டொக்கு. டொக்கு. டொக்கு. பானையக் கவுத்து எண்ணினா, யாரு ஜெயிச்சிருப்பான்னு நெனக்கிற?

சடைச்சி இல்லம்மா. அவ நிக்கவே இல்ல. சீராளன். அதே வெல்ல உருண்டை சீராளன். சிரிக்காத. நேத்து ஓட்டு மிஷினைப் பொட்டி கட்டிக் குடுக்கறப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, இத்தனை பாடுபட்டு இதுக்குள்ள யாரு இருக்கப் போறானோன்னு.

சடைச்சி யாருக்குப் போட்டாளா? அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது, அதான் சட்டம். அத்தைக்கும் தெரியாது.

ஆனா மறுநாள் காலைல, பொழுது விடியறதுக்குள்ள, சீராளன் வீட்டுக் கதவு தட்டுது. தட் தட் தட். அவன் கொர்ர்ர். தட் தட் தட். "யாரு?" "சடைச்சி. எந்திரி. கரையப் பாக்கப் போவோம்." "நாளைக்குப் பாப்போம்க்கா." அவ முந்தானை முடிச்சை அவுத்தா. அடுத்த வருஷத்துக் கொட்டை உள்ள இருக்கு. அதைக் கையில வெச்சு உருட்டிக்கிட்டே பாறாங்கல்லாட்டம் நின்னா. அவன் முணுமுணுத்துக்கிட்டே மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வந்தான். அவ ஒவ்வொரு வளையாக் கைய விட்டுப் பாத்துச் சொன்னா, அவன் அடைச்சான். மூணாவது வளையிலயே அவனுக்கு மூச்சு வாங்குச்சு. வேலப்பரும் கூட வந்து எத்தனை வளைன்னு எண்ணிக்கிட்டாரு.

மறுநாளும் தட்டினா. அதுக்கு மறுநாளும் தட்டினா. கொட்டை போட்டதோட வீட்டுக்குப் போயிரலாம்னு அவளும் நெனச்சவதான். முடியல. பாவம், அதுக்கப்புறம் அவ ஒருநாளும் விடிஞ்சப்புறம் எந்திரிச்சதில்ல. ஆனா அந்த வருஷம் கடைமடை வரைக்கும் தண்ணி வந்துச்சு. மண்ணுமேட்ட வெட்டி எடுத்துட்டு அரைக்காணியில நாத்து நட்டா.

பொம்மி?

...

கதை ஏரிக்குள்ள போச்சு, மடைய மூடியாச்சு. கரைய சடைச்சி பாத்துக்குவா, நீ தூங்கு. அத்தையும் ஒரு அரை மணி தூங்கறேன். அப்புறம் எந்திரிச்சு அந்தப் பாட்டி எந்தத் தெருன்னு விசாரிக்கணும்.