மூன்றாவது கப்

காபி கற்றுக்கொள்ள மெஹரிடம் வந்தபோது திருமூர்த்திக்கு ஐம்பது வயது. மெஹருக்கு முப்பத்திரண்டு. அவர் மெஹரை டீச்சர் என்று கூப்பிட்டார். மெஹர் அவரை சார் என்று கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

கோவையில் ஒரு வீட்டு மாடியில் மெஹர் வகுப்பு நடத்தினார். வகுப்பு என்றால் ஒரு மேஜை, ஒரு சின்ன எஸ்பிரஸோ மெஷின், ஒரு அலமாரி. பேச்சு குறைவு. யாராவது காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தால் மெஹர் ஒரு வாய் குடிப்பார். சரியில்லை என்றால் கப்பை மேஜைமேல் அப்படியே வைத்துவிடுவார். சரியாக இருந்தால் எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு சாஸரை எடுத்துவந்து கப்புக்கு அடியில் வைப்பார். அந்த வகுப்பில் மார்க் என்பது அதுதான்.

இரண்டு வருடத்தில் திருமூர்த்தியின் கப்புக்கு சாஸர் வந்ததே இல்லை.

அவர் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவர். தனியாக இருந்தார். மனிதர்களோடு பேச அவருக்கு வராது. கோபமோ கர்வமோ இல்லை, வராது, அவ்வளவுதான். அவர் குடியிருந்த வீட்டின் மாடியில் இன்னொரு குடித்தனம் இருந்தது. காலையில் மாடிவீட்டுக்காரர் படி இறங்கும் சத்தம் கேட்டால், திருமூர்த்தி செருப்பை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பார். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் கதவைத் திறப்பார்.

ஆனால் காபி பிடிக்கும். நல்ல காபி பெலிக்ஸின் காபிக் கடையில்தான் கிடைத்தது. கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"பெலிக்ஸ் கடையை மூடறார். கட்டடத்தை இடிக்கறாங்களாம். அந்தப் பெரிய மெஷினை எனக்குத் தர்றேன்னு சொல்றார். நாளைக்கு நான் சரின்னு சொல்லலைன்னா பழைய இரும்புக்குப் போயிடும். பாய்லர் செம்புங்கறதால உடைச்சு எடுத்துக்குவாங்களாம்."

"வீட்டுக்கா வாங்கறீங்க?"

"வீட்டுக்குத்தான்."

"அது கடை மெஷின் சார்."

"தெரியும் டீச்சர். சின்ன மெஷின்ல எனக்கு வரவே மாட்டேங்குது. சூடு நிக்க மாட்டேங்குது. அது மட்டும் வந்துட்டா..." திருமூர்த்தி தரையைப் பார்த்தார். "அது வந்துட்டா காபிக்காக நான் எங்கேயும் போக வேண்டாம். யார் முகத்தையும் பாக்க வேண்டாம். இருக்கற வரைக்கும் அது போதும் எனக்கு. வாங்கலாமா?"

மெஹர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தார். துணியைப் பிழிந்து காயப்போட்டார்.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றார்.

மறுநாள் பெலிக்ஸ் கடையில் பெயர்ப்பலகை இறக்கியாகிவிட்டது. நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. மெஷின்மேல் இருந்த மூன்று கப் தவிர மற்ற கப், சாஸர் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்க் கயிறு கட்டியிருந்தது. வாசலில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி நின்றது. அதன் பக்கத்தில் பழைய இரும்புக்கடை மயில்சாமி நிழல் தேடி நின்றுகொண்டிருந்தார்.

மெஷின் மட்டும் அதன் இடத்தில் இருந்தது. ஒரு காலத்தில் நல்ல சிவப்பாக இருந்திருக்கும். வெயில் பட்ட பக்கம் வெளுத்திருந்தது. காபி இறங்க இரண்டு வாய். மேல்தட்டில் கப்புகள் உட்கார்ந்து உட்கார்ந்து வட்டம் வட்டமாகத் தேய்ந்திருந்தது. நீராவிக் குழாயின் பிடியில், பெலிக்ஸின் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் கறுப்பு போய்ப் பித்தளை தெரிந்தது. திருமூர்த்தி அதைத் தொடப் போனார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"காலையிலேயே ஆன் பண்ணிட்டேன்" என்றார் பெலிக்ஸ். "இது லேசுல சூடாகாது."

மெஹர் மெஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொன்னார். உள்ளே பார்த்தார். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். காபி இறங்கும் வாய்க்குள் விரலை விட்டுத் தடவி, விரலை மோந்து பார்த்தார். எண்ணெய்ச் சிக்கு இல்லை.

"தண்ணி?"

"சிறுவாணி மேடம். இதுக்கு போர் தண்ணி ஒரு சொட்டு நான் காட்டினதில்லை. அது பட்டா உள்ளே சுண்ணாம்பா அடைச்சுக்கும்."

"உங்க வீட்டுல சார்?"

"எங்களுக்கும் சிறுவாணிதான் டீச்சர். கரண்ட்டுக்குத் தனி லைன் போட்டாச்சு."

மெஹர் தகட்டைத் திரும்ப மாட்டினார்.

"போடுங்க சார்."

திருமூர்த்தி சட்டைக் கையை மடித்தார். கற்றுக்கொடுத்தபடியே செய்தார். முதலில் கொஞ்சம் வெறும் தண்ணீரை ஓடவிட்டார். தூள் போடும் கைப்பிடிக் கிண்ணத்தைத் துடைத்தார். தூளைச் சமமாகப் பரப்பி அழுத்தினார். மாட்டினார். காபி இறங்கியது. ஆசையோடு எடுத்து வாயில் வைத்தார்.

முகம் சுருங்கியது. கருகின கசப்பு.

"மெஷின் சரியில்லை டீச்சர்."

"அப்ப நான் ஏத்திக்கட்டுங்களா?" என்று வாசலிலிருந்து மயில்சாமி கேட்டார். "வண்டி வெயில்ல காயுதுங்க."

பெலிக்ஸ் மெஷினின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னொண்ணு போடுங்க" என்றார் மெஹர்.

"குடிச்சுட்டேன் டீச்சர்."

"உங்களுக்கு இல்லை. பெலிக்ஸுக்கு."

திருமூர்த்தி தயங்கினார். வகுப்பில் டீச்சர் குடிக்கும் ஒரு வாய் மார்க்குக்காக. ஒரு மனிதர் உட்கார்ந்து குடிப்பதற்காக அவர் இதுவரை காபி போட்டதில்லை.

"சர்க்கரை... போடட்டுமா?"

"இத்தனை வருஷமா நான் ஊரையே கேட்ட கேள்வி சார் அது. என்னை ஒருத்தரும் கேட்டதில்லை" என்று பெலிக்ஸ் சிரித்தார். "வேண்டாம். அப்படியே குடுங்க."

அவர் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"பரவாயில்லை. இறங்கிட்டு வருது."

"எது?"

"சூடு. வெறுமனே நிக்க விட்டா உள்ளே தண்ணி கொதிச்சுக்கிட்டே கிடக்கும் சார். முதல் கப் கருகும். ரெண்டாவது பரவாயில்லாம வரும். மூணாவதுலதான் நல்லா வர ஆரம்பிக்கும்."

"தண்ணி ஓடவிட்டேனே?"

"அதுல மேல்சூடுதான் போகும். இந்த மெஷினுக்கு அது போதாது. கப் கப்பா இறங்கினாத்தான் வழிக்கு வரும். ஆள் வந்துக்கிட்டே இருக்கற இடத்துக்குன்னு செஞ்சது." பெலிக்ஸ் காலி கப்பைக் கவிழ்த்து வைத்தார். "கடை திறந்த நாள்ல இருந்து முதல் கப் என்னுது. ரெண்டாவதும் நான்தான், பால் ஊத்தி. மூணாவதுதான் முதல் கஸ்டமருக்கு."

திருமூர்த்தி வெளுத்த சிவப்பு மெஷினையும் பெலிக்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். தினமும் தன் கடையின் மோசமான காபியைத் தானே குடித்த ஒருவரை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"அடுத்தது அவருக்கு" என்று மெஹர் வாசலைக் காட்டினார்.

"எனக்குங்களா?" மயில்சாமி சிரித்தார். "நமக்கு டீதானுங்க, அம்மிணி."

"உள்ள வாங்க."

மயில்சாமி அழுக்குக் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"சர்க்கரை?" இந்த முறை திருமூர்த்தி தயங்காமல் கேட்டார்.

"நிறையப் போடுங்க. நமக்குக் கசப்பு ஆகாதுங்க."

காபி இறங்கியது. தேன் ஒழுகுவதுபோல மெதுவாக, அறுபடாமல் இறங்கியது. திருமூர்த்தி சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மயில்சாமி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இத்தனூண்டா? இதைக் குடிக்கறதா, கண்ணுல விட்டுக்கறதா?"

மெஹர் ஒரு கரண்டியில் துளி எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தார். அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டியிருந்த கயிற்றின் முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தார். காகிதத்தைப் பிரித்து ஒரு சாஸரை எடுத்தார். துடைத்தார். கப்புக்கு அடியில் வைத்தார்.

திருமூர்த்தி சாஸரையே பார்த்தார். சர்க்கரை கையிலேயே இருந்தது. போட மறந்துவிட்டார்.

மயில்சாமியும் கேட்க மறந்துவிட்டார். ஒரு வாய் குடித்தார். மீதியை உடனே குடிக்கவில்லை. கப்பைப் பிடித்தபடி மெஷினை மேலும் கீழும் பார்த்தார்.

"இதையா உடைக்கச் சொன்னீங்க?" என்று பெலிக்ஸிடம் கேட்டார்.

"நான் வாங்கிக்கறேன்" என்றார் திருமூர்த்தி. குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

பெலிக்ஸ் சுவிட்சை அணைத்தார். அழுத்தம் காட்டும் முள் கீழே வந்து, தகடெல்லாம் ஆறும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பக்கத்து பேக்கரிக்காரர் ஒரு கை கொடுக்க, நான்கு ஆண்களும் நாலு மூலையையும் பிடித்து மெஷினைக் குட்டியானையில் ஏற்றினார்கள்.

"உடைச்சு எடுத்துட்டுப் போக வந்த வண்டிங்க இது" என்று மயில்சாமி சொல்லிக்கொண்டே சாக்குகளை மடித்து முட்டுக் கொடுத்தார். "பாருங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி கூட்டிக்கிட்டுப் போகுது."

பெலிக்ஸும் திருமூர்த்தியும் வண்டியிலேயே ஏறிக்கொண்டார்கள். மெஹர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்.

திருமூர்த்தி வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவர் இறங்கி மெஹரிடம் வந்தார். வழியெல்லாம் யோசித்திருக்க வேண்டும்.

"டீச்சர், மூணாவது கப்தான் நல்லா வரும்னா, முதல் ரெண்டையும் கொட்டிட்டு மூணாவதை நானே குடிச்சுக்கலாமே?"

"குடிக்கலாம் சார்" என்றார் மெஹர்.

மெஷினை வண்டியிலிருந்து வாசல்வரை எப்படியோ இறக்கிவிட்டார்கள். வாசற்படிகள் செங்குத்தாக இருந்தன. பெலிக்ஸ் ஒரு மூலையைப் பிடித்தார். மயில்சாமி ஒரு மூலை, திருமூர்த்தி ஒரு மூலை. தூக்கியதும் நான்காவது மூலை தொங்கிச் சாய்ந்தது. கீழே வைத்தார்கள். மெஹர் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து பிடித்துப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் உயரம். மெஷின் அவர் பக்கமே சரிந்தது. மறுபடியும் கீழே வைத்தார்கள்.

"இன்னொரு ஆள் வேணுமுங்க" என்றார் மயில்சாமி, மூச்சு வாங்கியபடி. "உருண்டுச்சுன்னா பாய்லர் நசுங்கிப்போயிரும். அப்புறம் நானே எடுத்துட்டுப் போக வேண்டியதுதான்."

கேட்டுக்குப் பக்கத்தில் மாடிவீட்டுக்காரரின் ஸ்கூட்டர் நின்றது. மேலே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

"மாடியில ஆள் இருக்காப்ல இருக்குதே?"

"இருக்கார்."

"பேர் என்னங்க?"

"தெரியாது."

"புதுசா வந்தவருங்களா?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்கார்."

மயில்சாமி பெலிக்ஸைப் பார்த்தார். "நல்ல ஆளைப் பார்த்துத்தான் மெஷினைக் குடுத்தீங்க போங்க."

திருமூர்த்தி மாடிப்படிவரை போனார். கைப்பிடிச் சுவரைத் தொட்டார். ஒரு படி ஏறினார். அங்கேயே நின்றார். வாசலில் கிடந்த மெஷினைத் திரும்பிப் பார்த்தார். சாக்குக்கு மேலே அந்தப் பித்தளைப் பிடி மட்டும் தெரிந்தது.

இறங்கி வந்தார்.

"டீச்சர், நீங்க போய்ச் சொல்றீங்களா?"

மெஹர் இல்லை என்று தலையசைத்தார்.

"எனக்கு வராது டீச்சர். இத்தனை வருஷம் பேசாம இருந்துட்டு இன்னைக்குப் போய் என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?"

மெஹர் ஒரு கையால் மெஷினைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மூணாவது கப் அவருதுன்னு சொல்லுங்க."