வீடு எழும்பாத வெளி

வேங்கைக்குன்ற நாட்டின் தலைநகருக்குக் கிழக்கே படைப் பயிற்சிக் களம் இருந்தது. களத்தின் கிழக்கு எல்லையிலிருந்து மலையடிவாரம் வரை விரிந்து கிடந்த புல்வெளி எயினனுக்குச் சொந்தம். மாடு வளர்ப்பவன். ஐம்பது வயதைக் கடந்த பிறகு, களத்துக்கு அருகே குடிலில் அறம் கற்பித்த தாமக்கண்ணியார் என்ற அம்மையிடம் சீடனாகச் சேர்ந்தான். ஆசிரியர் அவனைவிட இளையவர். அதில் அவனுக்குக் கூச்சம் எதுவும் இருக்கவில்லை.

ஒரு கார்காலத் தொடக்கத்தில் பட்டு வணிகர்களின் தலைவர் அவனைத் தேடி வந்தார். நகரம் பெருத்துவிட்டது, புல்வெளியில் மாளிகைகள் எழுப்ப வேண்டும், என்ன விலை என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாக எயினன் அனுப்பிவைத்தான்.

மறுநாள் படைத்தலைவர் பெருஞ்சேந்தனே நேரில் வந்தார். அவர் விலை பேசவில்லை.

"நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும். மாடு மேய்த்துக்கொள்ளுங்கள், தினை விதையுங்கள், மகளுக்குக் கொடுங்கள், விற்க நினைத்தால் விற்றுக்கொள்ளுங்கள். யார் கைக்குப் போனாலும் அதில் வீடு மட்டும் எழும்பக் கூடாது. அப்படிக் கல்லில் வெட்டித் தர வேண்டும். பதிலுக்கு அரசர் அந்த நிலத்தின் வரியை நீக்கிவிடுவார்."

எயினன் ஆசிரியரிடம் போனான்.

"அம்மையே, நிலம் என்னுடையது. ஆனால் அதில் ஒரு சுவர் எழுப்ப எனக்கு உரிமை இருக்காது. என் மகளுக்கும் இருக்காது, அவள் பிள்ளைகளுக்கும் இருக்காது. பிறகு எதை வைத்து அதை என்னுடையது என்பேன்?"

தாமக்கண்ணியார் எழுந்தார். "வா" என்றார்.

களத்தின் மேற்கு எல்லைக்கு அழைத்துப் போனார். அங்கே முன்பு வயல்கள் இருந்தன. இப்போது களத்தின் விளிம்பை ஒட்டியே வீட்டுச் சுவர்கள். உள்ளே குதிரைகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. ஒன்றும் ஓடவில்லை. முரசு அறைபவன் முரசைத் தடித்த துணியால் சுற்றி வைத்து அறைந்தான். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கும் ஓசைதான் அதைவிட உரக்கக் கேட்டது.

குதிரைப் பயிற்சியாளர் ஒருவர் வேலியோரம் நின்றிருந்தார். தாமக்கண்ணியார் அவரிடம் கேட்டார்.

"முரசுக்கு ஏன் துணி?"

"வீடுகளில் குழந்தைகள் தூங்குகின்றன. தெருவார் அரசரிடம் முறையிட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான்."

"குதிரைகள் ஏன் ஓடவில்லை?"

"ஓடினால் புழுதி. அம்பு விட்டால் முற்றத்தில் போய் விழுகிறது. அதனால் நடக்கவிடுகிறோம்."

"போர் வந்தால்?"

பயிற்சியாளர் குதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்ததே. போன ஆண்டு கணவாயில் எதிரியின் முரசு முழங்கியது. துணி சுற்றாத முரசை எங்கள் குதிரைகள் அதுவரை கேட்டதே இல்லை. மிரண்டு திரும்பின. பின்னால் நின்ற நம் காலாட்கள் மேலேயே ஏறிவிட்டன." வேலியில் கை ஊன்றினார். "காலாட்களில் என் தம்பியும் நின்றான்."

இருவரும் திரும்பி நடந்தார்கள். ஆசிரியரின் குடில் கண்ணில் பட்டதும் எயினன் கேட்டான்.

"நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே, அம்மையே?"

"உன் மகளிடம் கேட்டாயா?"

எயினனின் மகள் கொற்றி. மந்தையை இப்போது அவள்தான் பார்த்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று பயந்துகொண்டேதான் அவன் சொன்னான். முழுவதும் கேட்டாள். கன்றை அவிழ்த்துத் தாயிடம் விட்டாள்.

"அப்பா, படைத்தலைவரை நாளைக்கு இங்கே வரச் சொல்லுங்கள். நான் பேச வேண்டும்."

பெருஞ்சேந்தன் வந்தார். கொற்றி அவரைப் புல்வெளியின் நடுவே நிற்க வைத்துப் பேசினாள்.

"நாங்கள் கட்ட மாட்டோம். எனக்குப் பிறகு வருகிறவர்களும் கட்ட மாட்டார்கள். ஆனால் நீங்களும் கட்டக் கூடாது. பாசறை, கொட்டில், காவல் கோபுரம், எதுவும் கூடாது."

"சரி."

"இன்னொன்று இருக்கிறது. இந்தப் புல்லில் கானமயில் தரையிலேயே முட்டையிடும். அது அடைகாக்கும் மாதங்களில் உங்கள் குதிரை ஒன்றுகூட எங்கள் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது."

படைத்தலைவரின் புருவம் உயர்ந்தது. "அரசரின் படைக்கே நிபந்தனையா?"

"நிலம் எங்களுடையது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

பெருஞ்சேந்தன் சிரித்துவிட்டார். அவள் சொன்னது அத்தனையும் கல்லில் ஏறியது.

பட்டு வணிகர்கள் வடக்கே போய் மாளிகைகள் கட்டினார்கள். எயினன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், வந்த விலையை விட்டவன் என்று யாராவது அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். கிழக்கே இனி வீடு வராது என்று உறுதியானதால், களத்தில் பயிற்சியைக் கிழக்குப் பாதிக்கு மாற்றினார்கள். அங்கே முரசின் துணியை அவிழ்த்துவிட்டார்கள். முதல் சில நாள் எயினனின் மாடுகள் மிரண்டன, பிறகு பழகிவிட்டன. குதிரைகளும் பழகின.

சில ஆண்டுகள் கழித்து எதிரி மறுபடியும் கணவாய்க்கு வந்தான். மறுபடியும் முரசு முழங்கியது. இந்த முறை ஒரு குதிரைகூடத் திரும்பவில்லை. எதிரிதான் திரும்பினான்.

வெற்றி பெற்ற படை மலையிறங்கி வந்தது. களைத்த படை. பலருக்குக் காயம். புல்வெளியைக் குறுக்கே கடந்தால் அடுத்துக் களம், அதைத் தாண்டினால் நகரம், வாயிலில் மாலைகளோடு மக்கள் காத்திருந்தார்கள். அது கானமயில் அடைகாக்கும் மாதம்.

எல்லையில் முன்வரிசை நின்றது. பெருஞ்சேந்தன் கையை உயர்த்தித் தெற்கே காட்டினார். அத்தனை குதிரைகளும் திரும்பின. யாரும் முணுமுணுக்கவில்லை. காயம்பட்டவர்களைச் சுமந்த வண்டிகளை மட்டும் கொற்றி தானே மாட்டுத் தடத்தின் வழியாக நடத்திக் கூட்டிப் போனாள். மற்றப் படை முழுவதும் புல்வெளியைச் சுற்றி, வெயிலில், நீண்ட வழியாக நகரத்துக்குப் போனது. எயினன் எல்லையில் நின்று கடைசிக் குதிரை மறையும்வரை பார்த்தான்.

அரண்மனையில் வீரர்களின் பெயர்களைச் சொல்லிப் பரிசளித்தார்கள். எயினனை யாரும் கூப்பிடவில்லை. அவன் ஆசிரியரின் குடிலுக்குப் போனான்.

"அம்மையே, என்னிடம் ஒரு குறை வந்துவிட்டது."

"என்ன?"

"நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. செருக்கை விட வேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன்."

"எதைப் பார்த்து நிமிர்ந்தது?"

"எங்கள் நிலத்தைப் பார்த்து."

"அங்கே என்ன இருக்கிறது?"

எயினன் திரும்பிப் பார்த்தான்.

"ஒன்றும் இல்லை, அம்மையே. புல்."

தாமக்கண்ணியார் வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றார். கிழக்கே மலையடிவாரம் வரை வெளி திறந்து கிடந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் நிமிர்ந்தே நில்" என்றார். "நானும் நிற்கிறேன்."